மேட் ஃபாரஸ்ட்ல 30 நிமிஷம் தாக்குப்பிடிக்கிறது எப்படி

வாம்பயர் சர்வைவர்ஸ் விளையாடுற எல்லாருக்கும் மொத ஸ்டேஜ் மேட் ஃபாரஸ்ட்தான். பாக்க ஏதோ 90ஸ் வீடியோ கேம் மாதிரி சின்னச் சின்ன பொம்மை, ஒரே ஒரு கை இருந்தா போதும், அட்டாக் பட்டன்கூட கிடையாது, ஆயுதம் தானா அடிக்கும், நாம நடந்தா மட்டும் போதும். இவ்ளோ ஈஸியான கேம்ல நான் மொத ஒரு வாரம் பன்னெண்டு நிமிஷத்த தாண்டல. தினமும் நைட் சாப்ட்டு படுத்துட்டு ஒரு ரன் போடுவேன், பத்து நிமிஷம் வரைக்கும் ராஜா மாதிரி இருக்கும், அப்புறம் எங்கேர்ந்து வருதுன்னே தெரியாம நாலா பக்கமும் அடச்சி அமுக்கிரும்.

லீவுக்கு வந்திருந்த அக்கா பையன் ஒரு நாள் பக்கத்துல படுத்து பாத்துட்டே இருந்தான். அஞ்சு நிமிஷம் பேசல. அப்புறம் கேட்டான், "மாமா, நீங்க ஏன் ஓடிட்டே இருக்கீங்க, உங்க சாட்டை யாருமே இல்லாத பக்கம்தான அடிக்குது?" அப்பதான் ஸ்க்ரீன ஒழுங்கா பாத்தேன். கூட்டம் எனக்கு இடது பக்கம் இருக்கு, நான் பயந்து வலது பக்கம் ஓடுறேன், ஓடுற பக்கம்தான் மூஞ்சி இருக்கும், மூஞ்சி இருக்க பக்கம்தான் சாட்டை அடிக்கும், ஆக என் சாட்டை ஃபுல்லா காத்த அடிச்சிட்டு இருந்திருக்கு. ஒரு வாரமா!

அதுனால மொதல்ல இதையே சொல்லிடுறேன். ஆரம்பத்துல கிடைக்கிற ஆளு அன்டோனியோ, அவன் கையில சாட்டை. லெவல் 1 சாட்டை ஒரு பக்கம் மட்டும்தான் அடிக்கும், லெவல் 2 வந்தாதான் பின்னாடியும் ஒரு அடி விழும். அதுவரைக்கும் ஒரு ட்ரிக் இருக்கு. மேலயோ கீழயோ நேரா நடந்தா மூஞ்சி திரும்பாது, கடைசியா எந்தப் பக்கம் பாத்தமோ அதே பக்கம்தான் பாத்துட்டு இருக்கும். அதனால கூட்டம் இடது பக்கம் இருந்தா இடது பக்கம் ஒரு அடி எடுத்து வச்சி மூஞ்ச திருப்பிட்டு, அப்டியே மேல கீழன்னு நடங்க, சாட்டை கரெக்டா கூட்டத்து மேலயே விழும். சாட்டை எத்தன பேர் வரிசையா நின்னாலும் அத்தன பேரயும் சேத்து அடிக்கும், மொத ஆளோட நின்னு போகாது, அதனால அவனுங்க ஒண்ணா சேர்ந்து வர்றது நமக்கு நல்லதுதான்.

சரி இப்ப ஜெயிக்கிறதுன்னா என்னன்னு பாப்போம், ஏன்னா இதுலயே பாதி பேருக்கு குழப்பம். இந்த கேம்ல எதிரி வவ்வாலோ எலும்புக்கூடோ இல்ல, மேல ஓடுற கடிகாரம்தான். ஒவ்வொரு நிமிஷம் மாறும்போதும் யார் வரணும், கொறஞ்சது எத்தன பேர் ஸ்க்ரீன்ல இருக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கு. அந்த எண்ணிக்கைக்கு கீழ போனா உடனே ஆள் அனுப்பும். நீங்க கொன்னாலும் வருவான், கொல்லாட்டியும் வருவான், கொன்னா லெவல் ஏத்துற கல்லு கிடைக்கும் கொல்லாட்டி கிடைக்காது, அவ்ளோதான் வித்தியாசம். சும்மா சுத்திச் சுத்தி ஓடி நேரத்த கடத்திரலாம்னு நெனச்சா (நான் நெனச்சேன்) நீங்க அதே பலத்துல இருப்பீங்க, கடிகாரம் மட்டும் ஏறிட்டே போகும், வர்றவனும் தடியனாவே வருவான். ரொம்ப தூரம் ஓடினா விட்டுட்டு வந்த ஆளுங்கள கேமே தூக்கி உங்களுக்கு முன்னாடி கொண்டாந்து வச்சிரும், அதனால ஓடி தப்பிக்கிறதுன்னு ஒண்ணு இங்க கிடையவே கிடையாது.

30 நிமிஷம் நின்னா ஸ்டேஜ் முடிஞ்சது. ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதுக்கு முன்னாடி இன்னொரு டார்கெட் இருக்கு: மேட் ஃபாரஸ்ட்ல லெவல் 20 தொட்டாலே அடுத்த ஸ்டேஜ் இன்லெய்ட் லைப்ரரி திறந்துரும், அதுக்கப்புறம் செத்தாலும் பரவால்ல. அதனால மொத நாலஞ்சு ரன்ல 30 நிமிஷம்லாம் மண்டைல ஏத்திக்காதீங்க, லெவல் 20 தொடுறோமா, கொஞ்சம் கோல்டு சேக்குறோமான்னு மட்டும் பாருங்க.

லெவல் எப்டி ஏறுது? செத்தவன் போட்டுட்டு போற கல்ல பொறுக்குறதுல. நீலக் கல்லு சில்லற, பச்சை அதவிட பெருசு, செவப்பு நல்ல வெயிட்டு. மொத லெவல் ஏற 5 பாயிண்ட் போதும், அப்புறம் ஒவ்வொரு லெவலுக்கும் 10, 10ஆ கூடிட்டே போகும், லெவல் 20 கிட்ட ஒரு பெரிய மதிலு மாதிரி நிக்கும். ஆரம்பத்துல வர்ற வவ்வாலுங்க ஒரே அடில போயிரும், அப்ப ஒரு கல்லு விடாம பொறுக்கணும், இங்க நீங்க சேக்குற நாலு லெவல்தான் அஞ்சாவது நிமிஷத்துல காப்பாத்தும். அதுக்கப்புறம் கூட்டம் அதிகமான பிறகு, தூரத்துல ஒரு கல்லு கெடக்குன்னு கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சி சாகாதீங்க. கல்லு எங்கயும் போகாது, தரையில 400 தாண்டினா மிச்சத்த எல்லாம் சேத்து ஒரே செவப்பு கல்லா மாத்தி வச்சிரும், மதிப்பு அப்டியே இருக்கும். வேக்யூம்னு ஒரு ஐட்டம் கிடைச்சா மேப்ல கெடக்குற மொத்தக் கல்லும் உங்க மேல வந்து கொட்டும், அந்த சத்தத்துக்காகவே இந்த கேம ஆடலாம்.

இனி முக்கியமான ஏரியா, லெவல் ஏறும்போது எத எடுக்குறது. ஒவ்வொரு லெவலுக்கும் மூணோ நாலோ சாய்ஸ் காட்டும், அப்ப கடிகாரம் நின்னுரும், பொறுமையா யோசிச்சே எடுக்கலாம் அவசரமே இல்ல. ஆயுதத்துக்கு ஆறு எடம், கூட உதவிக்கு இருக்க ஐட்டங்களுக்கு ஆறு எடம். புதுசா ஆடுறவங்க செய்ற தப்பு (நானும்தான்), கல்யாண வீட்டு பஃபேல தட்டு நெறைய எல்லாத்துலயும் ஒரு கரண்டி எடுக்குற மாதிரி வர்றது எல்லாத்தயும் ஒண்ணு ஒண்ணு எடுத்து வச்சிப்பாங்க, பத்தாவது நிமிஷத்துல பாத்தா ஆறு ஆயுதமும் லெவல் 2, ஒண்ணும் கொல்லாது. மொதல்ல ரெண்டு ஆயுதம், கூட ரெண்டு ஐட்டம், அது ஓரளவு ஏறுற வரைக்கும் புதுசா எதையும் தொடாதீங்க, கட்டாயம்னா மட்டும்.

ஏன்னா இந்த கேமோட உயிரே எவல்யூஷன்லதான் இருக்கு. ஒரு ஆயுதத்த முழுசா லெவல் 8 வரைக்கும் ஏத்தி, அதுக்கு ஜோடியான ஐட்டம் ஒண்ணு கையில இருந்து (அது லெவல் 1ஆ இருந்தாலே போதும்), 10 நிமிஷத்துக்கு அப்புறம் வர்ற பாஸ (மத்தவனுங்கள விட பெரிய எதிரி) கொன்னு அவன் போடுற பெட்டிய திறந்தா அந்த ஆயுதம் வேற ஒண்ணா மாறும். சாட்டைக்கு ஜோடி ஹாலோ ஹார்ட். ரெண்டும் சேர்ந்தா ப்ளடி டியர், அடிக்க அடிக்க உங்க உயிர் ஏறும். இந்த ஒண்ணு கிடைச்சிட்டாலே மேட் ஃபாரஸ்ட்ல பாதி கெணறு தாண்டியாச்சு. ஹாலோ ஹார்ட்ட அன்லாக் பண்றதும் ஒண்ணும் பெரிய வேலையில்ல, ஏதாவது ஒரு ஆள வச்சி 1 நிமிஷம் உயிரோட இருந்தா போதும். அது ஒரு லெவலுக்கு 20 சதவீதம் உயிர கூட்டுது வேற, அதனால எப்ப காட்டினாலும் எடுத்துருங்க.

பெட்டி விஷயத்துல ஒரு சின்ன சாமர்த்தியம் இருக்கு. பாஸ் செத்து பெட்டி விழுந்துருச்சு, ஆனா சாட்டை இன்னும் லெவல் 6லதான் இருக்குன்னா அந்தப் பெட்டிய எடுக்காம அப்டியே விட்டுட்டு பக்கத்துலயே சுத்துங்க. அது எங்கயும் போகாது. லெவல் 8 ஆனதும் வந்து திறந்தா எவல்யூஷன் உங்களுக்கு. ஒரு ரன்ல நான் இத தெரியாம பதினொண்ணாவது நிமிஷத்துல சாட்டை லெவல் 7ல இருக்கும்போது ஆசையா போய் பெட்டிய திறந்தேன், ரெக்கைங்கிற ஐட்டத்துக்கு ஒரு லெவல் குடுத்துச்சு. ஸ்பீடா ஓடலாமாம். அடுத்த பாஸ் வர்றதுக்குள்ள ஆள் காலி.

ரெண்டாவது ஆயுதம் எதுன்னு கேட்டா என் ஓட்டு கிங் பைபிளுக்கு. நம்மள சுத்தி வட்டம் போட்டுட்டே இருக்கும், கிட்ட வர்றவன இடிச்சி தள்ளும், எந்தப் பக்கம் பாக்குறோம்னு கவலையே இல்ல, சாட்டை அடிக்காத மேல் பக்கம் கீழ் பக்கம் ரெண்டையும் இது பாத்துக்கும். அதுக்கு ஜோடி ஸ்பெல்பைண்டர், ஆனா அத அன்லாக் பண்ண ரூன்ட்ரேசர்ங்கிற இன்னொரு ஆயுதத்த லெவல் 7 வரைக்கும் கொண்டு போகணும், அதனால மொத சில ரன்ல கிடைக்காது, பரவால்ல, எவால்வ் ஆகாமலே பைபிள் நல்லாத்தான் உழைக்கும். சாண்டா வாட்டர் வந்தா மூணாவதா வச்சிக்கலாம், தரையில தண்ணி ஊத்தி நெருப்பு எரியும், கூட்டம் அடர்த்தியானா நல்லா வேல செய்யும்.

அப்புறம் பூண்டு. ஆமா பூண்டேதான், கார்லிக்னு இருக்கும், ரத்தக்காட்டேரி கதைன்னா பூண்டு இல்லாமலா. உங்கள சுத்தி ஒரு வளையம் மாதிரி வரும், அதுக்குள்ள கால வச்ச சின்ன பசங்க எல்லாம் தானா சாவாங்க. தரையில கிடைக்கிற சிக்கன மொத்தமா 5 தடவ எடுத்தா இது அன்லாக் ஆகும். மொத பத்து நிமிஷத்துக்கு இதவிட சுகமான ஆயுதம் கிடையாது, சும்மா நடந்து போனாலே கல்லா கொட்டும். ஆனா நிறைய பேர் இத நம்பியே கடைசி வரைக்கும் போகப் பாக்குறாங்க, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல தடிப்பசங்க வளையத்துக்குள்ள ஹாயா நடந்து வந்து கடிப்பாங்க, பம்மரோலா கூட சேத்து சோல் ஈட்டரா மாத்தினாதான் திரும்ப உயிர் வரும். பம்மரோலா 5 நிமிஷம் தாக்குப்பிடிச்சா அன்லாக். அத இத்தாலிக்கார தக்காளின்னு நெனச்சிக்கோங்க, இந்த கேம செஞ்ச லூகா கலாண்டே இத்தாலிக்காரர்ங்கிறதால அவரோட சாப்பாட்டு சாமான்லாம் உள்ள வந்து உக்காந்திருக்கு.

மேஜிக் வாண்ட் பத்தியும் ஒரு வார்த்தை. பக்கத்துல இருக்கவன தானா குறி வச்சி அடிக்கும், ஓடிட்டே இருக்க என்ன மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு சரியான ஆயுதம். இது வேணும்னா அன்டோனியோவுக்கு பதிலா இமெல்டாங்கிற ஆள கொஞ்சம் கோல்டு குடுத்து வாங்கிக்கலாம், அவ ஆரம்பமே இந்த வாண்டோடதான், அஞ்சு லெவலுக்கு ஒருதரம் கல்லுலேர்ந்து வர்ற பாயிண்டும் கூடும், லெவல் 15 வரைக்கும். ஜோடி எம்ப்டி டோம், ரெண்டும் சேர்ந்தா ஹோலி வாண்ட், விடாம சுட்டுத் தள்ளும். எம்ப்டி டோம் அன்லாக் ஆக ஒரே நேரத்துல ஆறு வேற வேற ஆயுதம் கையில இருக்கணும். இப்பதான எல்லாத்தயும் எடுக்காதன்னு சொன்னன்னு கேப்பீங்க. உண்மைதான், ஒரே ஒரு ரன்ன இதுக்குன்னு தியாகம் பண்ணிருங்க, ஆறையும் எடுங்க, சாவுங்க, டோம் உங்களுது, அடுத்த ரன்லேர்ந்து ஒழுங்கா ஆடலாம்.

ஸ்டேஜுக்கு வருவோம். மொத பத்து நிமிஷம் வவ்வால், ஜோம்பி, எலும்புக்கூடுன்னு மாறி மாறி வரும், பெரிய விஷயமில்ல. நடுவுல வவ்வால் கூட்டம் ஒண்ணு ஸ்க்ரீனோட ஒரு ஓரத்துலேர்ந்து இன்னொரு ஓரத்துக்கு ரயில் மாதிரி கடந்து போகும், அது உங்கள தொரத்தாது, போற வழில இருந்தா மட்டும்தான் அடி, ரெண்டு அடி தள்ளி நின்னு சாட்டைய காட்டினா இலவசமா கல்லு. ரொம்ப பயப்படாதீங்க.

பயப்பட வேண்டியது செடி வளையத்துக்கு. திடீர்னு உங்கள சுத்தி பூச்செடிங்க பெரிய வட்டமா மொளைக்கும், வேலி மாதிரி, மெதுவா உள்ள நெருங்கி வரும். மொத தடவ பாத்தப்ப எனக்கு கையே ஓடல. வட்டத்துக்குள்ள மத்தவனுங்களும் சேர்ந்து மாட்டிப்பாங்க, எடம் சுருங்கிட்டே வரும். இதுல எல்லாரும் செய்ற தப்பு நடுவுலயே நின்னு எல்லாப் பக்கமும் அடிக்கப் பாக்குறது. அப்டி பண்ணாதீங்க, ஒரு பக்கத்த முடிவு பண்ணுங்க, இடது இல்லன்னா வலது, ஏன்னா சாட்டை அந்தப் பக்கம்தான நீளும், அந்த ஒரே எடத்த போட்டு அடிச்சி ரெண்டு மூணு செடிய சாய்ச்சா ஓட்ட விழும், அதுல நுழைஞ்சி வெளிய வந்துருங்க. செடி தொரத்தி வரும்னாலும் ஆமை வேகம்தான்.

இந்த மாதிரி நெருக்கடிக்குன்னு விளக்குகள சேமிச்சி வைக்கிறது நல்ல பழக்கம். காட்டுக்குள்ள அங்கங்க எரியிற விளக்க ஒடச்சா ஏதாவது விழும், காசு, சிக்கன், சில சமயம் ரோசரி. ரோசரி எடுத்தா ஸ்க்ரீன்ல இருக்கவன் எல்லாரும் க்ளோஸ். ஓரோலாஜியன்னு கடிகாரம் மாதிரி ஒண்ணு, எடுத்தா எல்லாரும் 10 செகண்ட் உறைஞ்சி நிப்பாங்க. சிக்கன் 30 உயிர் குடுக்கும். இதுல எதையும் கிடைச்ச உடனே எடுக்கணும்னு அவசியமில்ல, ஃபுல் உயிரோட இருக்கும்போது சிக்கன திங்காதீங்க, அது எங்க கெடக்குன்னு மனசுல குறிச்சிட்டு அத சுத்தியே ஆடுங்க. அக்கா பையனுக்கு இது மட்டும் வரவே வரல, கண்ட சிக்கன உடனே தின்னுட்டுதான் மறுவேல பாப்பான்.

இன்னொண்ணு, மேப்ல நிரந்தரமா கெடக்குற ஐட்டங்களும் இருக்கு. மேட் ஃபாரஸ்ட்ல ஸ்பினாச், க்ளோவர், ஹாலோ ஹார்ட், பம்மரோலா, ஸ்கல் ஓ மேனியாக் இந்த அஞ்சும் தூரத்துல அங்கங்க தரையில இருக்கும். இதுல ருசியான விஷயம் என்னன்னா உங்க ஆறு எடமும் நெறைஞ்சதுக்கு அப்புறம் போய் எடுத்தா அது ஏழாவதா சேரும், எட்டாவதாவும் சேரும். அதனால ஹாலோ ஹார்ட் லெவல் ஏறும்போது கிடைக்கலன்னாலும் நடந்து போய் எடுத்துக்கலாம். ஸ்கல் மட்டும் தொடாதீங்க, அது எதிரிய பலமாக்குற சாபம், கை தேறின பிறகு பாத்துக்கலாம்.

10 நிமிஷத்துலேர்ந்து 20 வரைக்கும்தான் உண்மையான பரீட்ச. ஓநாய் மனுஷனுங்க, வெட்டுக்கிளி மாதிரி பெரிய பூச்சிங்கன்னு தடித்தோலா வருவாங்க. இங்க ஓடாம ஆடணும், நிக்காமயும் ஆடணும், சொல்றதுக்கு கஷ்டம், ஆடி பாத்தா புரியும். பெரிய வட்டமா மெதுவா நடந்துட்டே இருங்க, கூட்டம் ஒரு பக்கமா வால் மாதிரி பின்னாடி சேரும், அப்ப திரும்பி கொஞ்சம் உள்ள அடிச்சி, கல்ல அள்ளி, திரும்ப வெளிய வாங்க. ஒரு மூலைய பாத்து நேர்கோட்டுல போனா முன்னாடியிலிருந்தும் ஆள் வந்து சாண்ட்விச் ஆயிருவீங்க. இந்த நேரத்துல ப்ளடி டியர் வந்திருச்சுன்னா மூச்சு விடலாம், வரலன்னா ஆர்மர், பம்மரோலா மாதிரி உயிர் பாக்குற ஐட்டத்த முன்னாடி எடுங்க, அட்டாக் அப்புறம்.

25வது நிமிஷத்துல ராட்சச நீலப் பூ ஒண்ணு பாஸா வரும். இவன கொன்னா இந்த ஸ்டேஜுக்கு ஹைப்பர் மோடு திறக்கும், எல்லாம் வேகமா ஓடும், கோல்டும் கூட கிடைக்கும். மொத தடவையே கொல்லணும்னு இல்ல, சுத்தி கூட்டம் கொஞ்சமா இருந்தா மட்டும் முட்டுங்க.

செத்த ஒவ்வொரு ரன்னும் கோல்டு குடுக்கும், அத வச்சி பவர் அப் வாங்குறத மறந்துராதீங்க, ஒரு வாரம் நான் அந்த மெனுவையே திறக்கல, என்னத்த சொல்ல. மொதல்ல க்ரீட், கோல்டே கூடுதலா கிடைக்கும்ல. அப்புறம் மைட் (அடியோட பலம்), மேக்ஸ் ஹெல்த், மூவ் ஸ்பீடு. விலை வாங்க வாங்க ஏறும், ஆனா எப்ப வேணா மொத்தத்தயும் திருப்பிக் குடுத்து முழு கோல்டையும் வாங்கிக்கலாம், அதனால தப்பா வாங்கிட்டமோன்னு வருத்தப்படாதீங்க. மொபைல்ல ஆடுறவங்களுக்கு செத்த பிறகு ஒரு விளம்பரம் பாத்தா உயிரோட எழுப்பி விடும், கௌரவம் பாக்காம பாருங்க. கம்மி ரேம் போனா இருந்தா ஆப்ஷன்ஸ்ல டேமேஜ் நம்பர்ஸயும் ஃப்ளாஷிங் எஃபெக்ட்டயும் ஆஃப் பண்ணிருங்க, இருபது நிமிஷத்துக்கு மேல ஸ்க்ரீன் ஃபுல்லா நம்பரா பறந்து ஹேங் ஆகி சாகுறத விட கேவலமான சாவு கிடையாது.

கடைசியா அந்த 30வது நிமிஷம். கடிகாரம் 30:00 தொட்டதும் ஸ்க்ரீன்ல இருந்த அத்தன கூட்டமும் காணாம போயிரும். ஒரு செகண்ட் நிம்மதியா இருக்கும். அப்ப ஒருத்தன் வருவான், ரீப்பர், நம்மூரு எமன் மாதிரி, எருமை மட்டும் இல்ல. உங்கள விட வேகம், தொட்டா முடிஞ்சது. நான் மொத தடவ இங்க வந்தப்ப அய்யோ இவ்ளோ தூரம் வந்து இவன்கிட்ட போச்சேன்னு நெனச்சி, கை வேர்த்து, சாட்டைய வீசிட்டே தலைதெறிக்க ஓடினேன். பக்கத்துல அக்கா பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "மாமா, நீங்க ஜெயிச்சிட்டீங்க, அவன் கேம முடிக்க வந்தவன்." நான் திரும்பி "என்னடா சொல்ற"ன்னு கேக்குறதுக்குள்ள ஆள் காலி, ஸ்க்ரீன்ல ரிசல்ட் வந்து நிக்குது, 30:01.